முன் சீட்டில் கேட்ட பைலா

எங்கள் கந்தோரில் ஊழியர்களுக்கான அறிவித்தல் பலகையில் தமிழ்த் தாளை வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். அதை எழுதுகிறவளும் நான்தான். கண்டி நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகம். அங்கே இருபத்தைந்து வருடமாக மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்கி, தட்டச்சு செய்து, கையொப்பம் வாங்கி, பலகையில் குத்திவிட்டு, இரண்டடி பின்னால் நின்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். பிழை இருந்தால் கண்டுபிடிக்கிறவளும் நான், வெட்கப்படுகிறவளும் நான். மூன்று மொழியிலும் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, போடுகிறோம். யாருக்காக என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

வருடத்துக்கு ஒருமுறை நலன்புரிச் சங்கம் ட்ரிப் போகும். அதற்கும் மூன்று மொழியில் நிகழ்ச்சி நிரல் உண்டு. காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, வழியில் காலைச் சாப்பாடு, அதற்குக் கீழே சிங்களத்தில் ஒரே ஒரு சொல்: பைலா. முதல் வருடம் அந்தச் சொல்லோடு அரைநாள் மல்லுக்கட்டினேன். நடனம் என்று போட்டால் சலங்கையும் பட்டுப்புடைவையும் கண்ணுக்குள் வந்து நின்றன. ஆடல் பாடல் என்றால் பள்ளிக்கூடக் கலைவிழா. கடைசியில் 'இசையுடன் கூடிய பொழுதுபோக்கு' என்று எழுதி ஒட்டினேன். வாசித்த ஒரே ஆளுக்கு, அதாவது எனக்கு, அது என்னவென்று விளங்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பைலா என்றே போட்டுவிட்டேன்.

போர்த்துக்கேயன் வந்த கப்பலில் வந்த சொல் அது. நாங்கள் இருக்கிற கதிரை, சோறு வைக்கிற மேசை, காலில் போடுகிற சப்பாத்து, காலையில் சாப்பிடுகிற பாண் எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவைதான். அவற்றை ஒருவரும் வெளியாள் என்று நினைப்பதில்லை. பைலா மட்டும் வீட்டுக்கு வீடு வேறு மரியாதையோடு இருக்கிறது. சிங்களத்தில் அது கொண்டாட்டத்தின் பெயர். பாட்டும் அதுதான், ஆட்டமும் அதுதான். பத்திரிகைக்காரர்கள் அரசியல்வாதி அவிழ்த்துவிடுகிற வெற்று வாக்குறுதியையும் பைலா என்றே எழுதுவார்கள். மலையகப் பிள்ளைகள் கலியாண வீட்டில் "பைலா போடுறாங்க, வாங்க" என்று கூப்பிடுவார்கள். போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் அதன் தாய்ப்பாட்டை இன்னும் தங்கள் பழைய மொழியிலேயே பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அது ஒரு ஏச்சுச் சொல். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வானொலியில் அந்தத் தாளம் வந்தால் எழும்பிப் போய் நிற்பாட்டுவார். கோயில் திருவிழாவில் யாராவது குடிவெறியில் தள்ளாடினால் "பைலாக்காரர் வந்திட்டார்" என்பார். அந்த வீட்டில் பதினெட்டு வயது வரைக்கும் என் கால் எந்தத் தாளத்துக்கும் அசைந்தது கிடையாது. அசைய ஆசைப்பட்டதா என்று கேட்டால், ஆசைப்பட்டது. கட்டிலில் படுத்தபடி போர்வைக்குள் பெருவிரலை மட்டும் ஆட்டியிருக்கிறேன்.

அந்தச் சொல்லின் இன்னொரு பாவனையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், கண்டி வாவிக்கரையில் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் ஒரு ட்ரிப் பஸ் பழுதாகி நிற்க, அதில் வந்தவர்கள் இறங்கி றபான் மேளத்தைத் தட்டிக்கொண்டு "பைலா, பைலா" என்று கத்தினார்கள். அந்த வழியாக வந்த வெளிநாட்டுக்காரி ஒருத்தி முதுகுப் பையைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் போய் ஆடத் தொடங்கிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவளுடைய தாய்மொழி ஸ்பானிய மொழி. அதில் அந்தச் சொல்லுக்கு, எதிரே நிற்கிற ஒருத்தியைப் பார்த்து "ஆடு" என்று சொல்வது அர்த்தமாம். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பொறாமையும் வந்தது.

ஏனென்றால் என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

அந்த முதல் ட்ரிப்பில் எனக்கு முப்பத்தைந்து வயது. கண்டிக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம். யுத்த காலம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். ஒருவர் ஏறி அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மற்றவர்களின் அட்டைகளைப் பார்த்தும் பாராமலும் கொடுத்தவர், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை மட்டும் இறங்கச் சொன்னார். கண்டியில் எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், எதற்கு வந்தாய் என்று பத்து நிமிடம் கேள்வி. மரியாதைக் குறைவாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் பஸ் முழுக்க எனக்காகக் காத்திருந்தது. றபான் தட்டிய கைகள் மடியில் கிடந்தன. திரும்பி ஏறியபோது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

பஸ் வெளிக்கிட்டு ஐந்து நிமிடத்தில் பைலா மறுபடி தொடங்கியது. அப்போது பதிவறையில் வேலை செய்கிற ஒரு சிங்களப் பெண், தெல்தெனியக்காரி, என்னைவிட நாலு வயது இளையவள், நடைபாதையில் ஆடிக்கொண்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். என்னைத் தேற்றத்தான் வந்தாள். அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையை உதறினேன். "எங்கட ஆக்கள் இப்பிடி ஆடுறேல்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். அப்பாவின் குரல் என் வாயில் இருந்தது. கோபம் அந்தச் சாவடிக்காரர் மேல், வாங்கியவள் இவள்.

அவள் கோபிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டாள். அங்கேதான் தொடங்கியது எல்லாம். நான் ஆத்திரத்தில் எறிந்ததை அவள் ஒரு சமய விதியாக எடுத்துக்கொண்டாள். தமிழ்ப் பெண்கள் பொது இடத்தில் ஆடுவது குற்றம், ஆடக் கூப்பிடுவதே பாவம் என்று முடிவு கட்டிவிட்டாள். அடுத்த வருடம் புதிதாக வந்த ஒருவர் என் சீட்டுப் பக்கம் வந்து கையை நீட்ட, அவள் பின்னாலிருந்து ஓடிவந்து அவரை இழுத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மேலதிகாரி "மிஸ் மட்டும் ஏன் சாமி மாதிரி இருக்கிறா" என்று கேலி செய்தபோது, அவருடன் இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள். எனக்காக.

சாப்பாடும் அப்படித்தான். அந்த முதல் ட்ரிப் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் போனது. வெள்ளிக்கிழமை என்பதால் மீன் வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து எந்தக் கிழமை போனாலும் எனக்குத் தனியாக ஒரு மரக்கறிப் பார்சல், மேலே பச்சை மையில் குறி போட்டு வரும். கண்டியில் வாரத்தின் ஏழு நாளில் ஆறு நாளும் மீன் சமைக்கிறவள் நான். மதியச் சாப்பாட்டை நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவளுக்கு நான் அக்கே, எனக்கு அவள் நங்கி, தங்கச்சி. என் பெட்டிக்குள் மீன் இருப்பதை அவள் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஆனால் ட்ரிப் வேறு என்று நினைத்துக்கொண்டாள் போல. தமிழருக்குப் பயணத்தில் ஏதோ விரதம் என்று. திருத்தியிருக்கலாம். திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டி வரும்.

ஆகவே வருடா வருடம் நான் முன் சீட்டில், சாரதிக்குப் பின்னால், மடியில் ஆறேழு கைப்பைகளோடு. ஆடுகிறவர்கள் தங்கள் பைகளை என்னிடம்தான் தந்துவிட்டுப் போவார்கள். யாருடைய பையில் என்ன மருந்து இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். பின்னால் றபான், கைதட்டு, சட்டி மூடி, சிரிப்பு. சாரதியின் கண்ணாடியில் அவர்கள் ஆடுவது சின்னதாகத் தெரியும். கொரோனா வந்த வருடங்களிலும் பெற்றோல் வரிசையில் நின்ற வருடத்திலும் ட்ரிப் இல்லை. அந்த வருடங்களில் அந்தக் கண்ணாடிகூட இல்லாமல் போனது. தனிமை என்றால் எனக்கு அறையில் தனியாகப் படுப்பது அல்ல, அது பழகிவிட்டது. நாற்பது பேர் அன்போடு என்னை விட்டுவைத்திருந்த அந்த முன் சீட்டுத்தான் தனிமை.

இந்த வருட ட்ரிப் எனக்குக் கடைசி. ட்ரிப் முடிந்த மாதத்தோடு அறுபது வயது, ஓய்வு. சகோதரங்கள் கனடாவிலும் லண்டனிலும். யாழ்ப்பாணத்து வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு இந்த நாற்பது பேரையும் எங்கே பார்ப்பது? ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்குள் நின்று ஆடிவிட்டுப் போக வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. யாராவது கூப்பிட்டால் எழும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். யார் கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

முடிவு செய்தால் போதுமா, ஆடத் தெரிய வேண்டுமே. நான் கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தி, தொலைபேசியில் பைலாவைப் போட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கீழ்வீட்டு ராத்தா படியேறி வந்து கதவைத் தட்டினார். ராத்தா, அதாவது அக்கா, என்று நான் கூப்பிட்டாலும் என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

"மேல என்னா மிஸ் நடக்குது? எங்கட லைட்டு ஆடுது."

சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தங்கள் கலியாணங்களில் பைலா பஸ்ஸோடு சரி என்றார். மாப்பிள்ளை வீட்டுப் பொடியன்கள் வழியெல்லாம் போட்டு ஆடுவார்கள், பெண் வீட்டுத் தெருமுனை வந்ததும் நிற்பாட்டிவிடுவார்கள். "பொம்பளையாள் மட்டும் ஈக்கிற ரூம்ல நாங்களும் ஆடுவோம், வெளிய சொல்றதில்ல" என்றார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளை எப்படி அசைப்பது என்று காட்டினார். பிறகு கைதட்டினார், நான் ஆடினேன். மூன்று ஞாயிறு அப்படிப் போயிற்று. அந்த மூன்று ஞாயிறும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

இதற்கிடையில் எங்கள் கந்தோருக்கு இன்னொரு தமிழ்ப்பிள்ளை வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணம், இருபத்தெட்டு வயது, அபிவிருத்தி உத்தியோகத்தர், சிங்களம் நாலு சொல்தான் தெரியும். வந்த முதல் நாளே என்னை அன்ரி என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் அன்று மத்தியானம் அவள் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று என் தமிழ்த் தாளை வாசித்தாள். இருபத்தைந்து வருடத்தில் முதல் வாசகி. தூரத்தில் நின்று அவள் கண் எந்த வரியில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ட்ரிப்புக்கு அவளுக்கு என் பக்கத்தில் ஜன்னல் சீட்டைப் பிடித்து வைத்தேன்.

மஹியங்கனைக்குப் போய், ஆற்றில் குளித்து, மாலையில் திரும்புவது ஏற்பாடு. சனிக்கிழமை காலை கண்டியில் புறப்பட்டு பல்லேகல மைதானம் தாண்டும்போது பிள்ளை தூங்கிவிட்டாள். தெல்தெனியவில் பதிவறைக்காரி ஏறினாள். அவள் வீடு வீதியோரம். வழக்கம்போல ஒரு பெரிய சட்டி பாற்சோறும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி ஏறியதும் றபான் வெளியே வந்தது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வந்து ஆட்களைக் கையைப் பிடித்து எழுப்பினாள். எங்கள் சீட்டுக்கு வந்ததும் நின்றாள். என்னைப் பார்த்து வழக்கமான மரியாதைச் சிரிப்பு. பிறகு குனிந்து மெதுவாக என்னிடம் கேட்டாள். அவள் பேசியது முழுக்கச் சிங்களம். என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"அக்கே, இந்தப் பிள்ளையைக் கூப்பிடலாமோ? இல்லாட்டி இவவுக்கும் உங்கட வழக்கம்தானோ? தெரியாமல் கேட்டு மனம் நோகப் பண்ணக்கூடாது."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம்: நங்கி, இரண்டு பேரையும் கூப்பிடு என்று. நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பிள்ளை "என்ன அன்ரி சொல்லுறா?" என்று என் தோளைத் தட்டினாள். மொழிபெயர்ப்பு எனக்குப் பழக்கம் அல்ல, நோய். கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன். எங்கள் ஆட்கள் ஆடுவதில்லை என்பதால் உன்னைக் கூப்பிடலாமா என்று கேட்கிறா.

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆர் அன்ரி சொன்னது? எங்கட கலியாண வீடுகளில சனம் விடிய விடிய ஆடுதெல்லோ. தள்ளுங்கோ, நான் போறன்." என் முழங்காலைத் தாண்டி நடைபாதையில் குதித்தாள். அடுத்த நிமிடம் றபான்காரருக்கு முன்னால் நின்று, இடுப்பும் தோளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக, பிறந்ததிலிருந்து அதையே செய்தவள் மாதிரி ஆடினாள். பஸ் முழுக்க விசில்.

பதிவறைக்காரி அசையவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டாள். ஆடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டாள். மாற்றிச் சொல்ல எனக்கு நூறு வழி இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்களா என்று ஒரு வரி போட்டால் போதும், அவள் நம்பியிருப்பாள். ஆனால் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் நான் சோறு தின்கிற தொழில். சொன்னேன். எங்கள் ஆட்கள் விடிய விடிய ஆடுவார்களாம்.

அவள் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப அண்டைக்கு உங்களுக்குப் பிடிக்காதது ஆட்டமில்லை. நாங்கள்தானே?"

இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். அந்தச் சாவடியைச் சொன்னேன், அட்டையைச் சொன்னேன், என்னை மட்டும் இறக்கியதைச் சொன்னேன். கோபம் உன் மேல் இல்லை என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். எந்தச் சாவடி என்று கேட்டாள். உண்மையாகவே அவளுக்கு அது ஞாபகம் இல்லை. பத்து நிமிடம் பஸ் நின்றதும், எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததும் அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எத்தனை சாவடி, எத்தனை தடவை நின்றோம். நான் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருந்தது. அவளும் என்னோடு சேர்ந்து அந்த நாளைச் சுமக்கிறாள் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பதினெட்டு வளைவு மலைப்பாதை வந்துவிட்டது. மலையிறக்கத்தில் ஆட முடியாது. சாரதி பாட்டை நிற்பாட்டி எல்லோரையும் இருக்கச் சொன்னார். அவள் பின்னால் போய் இருந்தாள்.

ஆற்றில் மற்றவர்கள் குளித்தார்கள். நான் கரையில் துணிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சாப்பாட்டு நேரம் அவள் இரண்டு கையிலும் இரண்டு பார்சலோடு என் முன்னால் வந்து நின்றாள். ஒன்றில் பச்சைக் குறி. "இனி எனக்கு எது உண்மை எண்டு தெரியாது, அதாலதான் கேக்கிறன். மீன் சாப்பிடுவீங்களோ?" என்றாள். சாப்பிடுவேன் என்றேன். எல்லா நாளுமா என்றாள். வெள்ளிக்கிழமை தவிர என்றேன். குறியில்லாத பார்சலைத் தந்துவிட்டுப் போனாள். பக்கத்தில் இருக்கவில்லை. மீன் நல்ல உறைப்பு. கண்ணில் தண்ணீர் வந்தால் உறைப்பு என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

திரும்பும்போது பாதிப் பேர் தூக்கம். புதுப்பிள்ளை பின் சீட்டில் புதுச் சிநேகிதிகளோடு தலையில் தலை சாய்த்துக் கிடந்தாள். மலை ஏறி முடிந்த பிறகு பதிவறைக்காரி வந்து என் பக்கத்து ஜன்னல் சீட்டில் இருந்தாள். எந்த ட்ரிப்பிலும் அவள் முன் சீட்டில் இருந்ததில்லை. பிறகு, தானும் ஒரு உண்மை சொல்ல வேண்டும் என்றாள். ஒருமுறை கேட்டபோது கையை உதறிவிட்டீர்கள், இரண்டாம் முறை கேட்க எனக்குப் பயமாக இருந்தது. எல்லோருக்கும் சொல்லி வைத்தால் நானும் கேட்கத் தேவையில்லை, அதனால்தான் அவ்வளவு கவனமாகச் சொன்னேன் என்றாள். அவள் கையை எடுத்துப் பிடித்திருக்கலாம். என் மடியில் ஏழு கைப்பைகள் இருந்தன. தெல்தெனியவில் பஸ் நின்றது. அவள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் போய் வருகிறேன் சொல்லி, எனக்கும் சொல்லி, இறங்கினாள். வீட்டு வாசலில் லைட் எரிந்தது. பஸ் வெளிக்கிடும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திகன ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். கண்டி வருவதற்குள் கடைசியாக ஒரு சுற்று என்று றபானை எடுத்தார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் கைப்பைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் சீட்டில் அடுக்கிவிட்டு எழும்பினேன். சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனேன். என்னைக் கண்டதும் தட்டுகிறவர் தட்டுவதை நிறுத்திவிட்டார், ஏதோ முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து. தட்டுங்கள் என்றேன். ராத்தா காட்டித் தந்த தோள் மட்டும் சரியாக வந்தது, கால் வரவில்லை. பரவாயில்லை, இடமும் அவ்வளவு இல்லை. ஒரு பாட்டு முழுக்க ஆடினேன். பல்லேகலவுக்கு முன்னால் தொடங்கி மகாவலிப் பாலம் வரைக்கும். எல்லோரும் கைதட்டினார்கள், ஒருத்தி அழுதாள், யாரோ தொலைபேசியில் படம் எடுத்தார்கள். நடுவில் நின்று ஆடும்போது நான் கூட்டத்தைத் தேடிப் பார்த்தேன். பார்க்க வேண்டியவள் அதில் இல்லை.

திங்கட்கிழமை காலை நான் மேசையில் இருந்து மொழிபெயர்க்க வந்த தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள். அந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நல்லாய் ஆடியிருக்கிறீர்கள் என்றாள். முகம் சிரித்தது. பிறகு கேட்டாள்.

"நான் இறங்குமட்டும் காத்துக்கொண்டு இருந்தீங்களோ, அக்கே?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு மூன்று மொழியில் இல்லை என்று சொல்லத் தெரியும். ஆனால் ஆற்றங்கரையிலும், மலை ஏறும்போதும், பிறகு அவள் பக்கத்தில் இருந்தபோதும் எழும்ப முடியாத கால், அவள் இறங்கிப் பத்து நிமிடத்தில் எழும்பியது எப்படி? ஓம் என்றேன். உனக்கு முன்னால் என்னால் முடியவில்லை என்றேன்.

எங்கட ஆக்கள் என்று நான் இந்த முறை தொடங்கவில்லை.

"எனக்குத்தான்," என்றேன். "எனக்குத்தான் ஏலாமல் போச்சு, நங்கி."

அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பதிவறைக்குப் போனாள். நான் ஓய்வுபெறப் பதினேழு நாள் இருந்தது.